சுத்தமான சாம்பிள்

தட்டில் ஒன்றுமே வளரவில்லை. பொன்செல்வி அதை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஊற்றியிருந்த சிவப்பு ஜெல்லி, நேற்று வைத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே பளபளவென்று கிடந்தது. ஒரு புள்ளி கூடக் கிடையாது.

"பார்த்துண்டே இருந்தா முளைச்சுடுமா?" என்றாள் ஷ்ருதி மேடம், கையுறையை உரித்துக்கொண்டே.

மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கும் அந்தச் சின்ன லேபில் ஷ்ருதிதான் மைக்ரோபயாலஜி டாக்டர். பொன்செல்வி டெக்னீஷியன். தாராவியில் அவள் சந்திலிருந்து டிகிரி வாங்கிய முதல் பெண். அந்தத் தட்டில் கிருமி வளருமா என்று பார்க்கப் பூசியிருந்தது அவளுடைய அம்மா தங்கத்தாயின் சிறுநீர்.

"மேடம், ஸ்லைடைப் பாருங்க. சீழ் செல் நிரம்பி வழியுது. இவ்வளவு சீழ் இருக்கிற இடத்துல கிருமி வளரலன்னா எப்படி?"

"அதைத்தான் நானும் சொல்றேன். சீழ் இருக்கு, கிருமி வளரலை. அப்போ சாதாரணத் தட்டுல வளராத கிருமியா இருக்கலாம். டிபி பார்க்கச் சொல்லி ரிப்போர்ட்ல ஒரு வரி சேர்த்துடு."

பொன்செல்விக்கு காது மடல் வரை சூடேறியது. "தாராவின்னு அட்ரஸைப் பார்த்ததும் டிபியா மேடம்?"

ஷ்ருதி கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்கு இந்தப் பெண்ணின் வாய் பழகிவிட்டது. "அட்ரஸைப் பார்த்து இல்லடி, தட்டைப் பார்த்து. மலபார் ஹில் பங்களாலேர்ந்து வந்தாலும் இதேதான் எழுதுவேன்."

"அப்ப இதையும் பாருங்க." பொன்செல்வி மைக்ரோஸ்கோப்பிலிருந்து நகர்ந்தாள். சீழ் செல்களுக்கு நடுவே அங்கங்கே சில கிருமிகள் தெரிந்தன. வழக்கமாக மூத்திரத்தில் வரும் ஈ.கோலை கிருமி என்றால் உடைத்த சேமியா மாதிரி குட்டைக் குட்டையாக இருக்க வேண்டும். இவை உடைக்காத சேமியா போல நீண்டு கிடந்தன.

ஷ்ருதி நிதானமாகப் பார்த்தாள். "மருந்து பட்டு, பிரிய முடியாம நீண்டு போன மாதிரிதான் இருக்கு. அம்மா சாம்பிள் கொடுக்கறதுக்கு முன்னாடி ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டாளா?"

"கேட்டேன். ஒண்ணுமே சாப்பிடலைன்னாங்க."

"அப்போ ரிப்போர்ட் போகட்டும். வெறும் சந்தேகத்தை வெச்சுண்டு நான் அதை மாத்த முடியாது. புது சாம்பிள் கொண்டா, பேசலாம்."

ரிப்போர்ட் போனது. அதோடு டிபி என்ற சொல்லும் அவளுக்கு முன்னால், அம்மா படுத்திருந்த செம்பூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

செம்பூரில் டாக்டர் கரீம் பாட்சாவின் நர்சிங் ஹோம் மொத்தமே இருபது கட்டில். தங்கத்தாய் ஜன்னலோரக் கட்டிலில் இரண்டு கம்பளிக்குள் கிடந்து பல் கிட்ட நடுங்கிக்கொண்டிருந்தாள். குளிர் காய்ச்சல். விலாவுக்குக் கீழே கை பட்டால் அலறினாள். ஊசி ஏறிக்கொண்டுதான் இருந்தது, காய்ச்சல் இறங்கவில்லை. அப்பா பிச்சையா, கால்மாட்டில் நின்று கம்பளியை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் இழுத்தார்.

கட்டிலிலிருந்து நாலடி தள்ளி, முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நின்றாள் முப்பிடாதியம்மாள். பக்கத்து வீட்டுக்காரி. நேற்று வரை அம்மாவின் தம்ளரிலேயே டீ குடித்தவள்.

"பெரியம்மா, என்னத்துக்கு மூக்க மூடுதிய?" என்றாள் பொன்செல்வி.

"டிபின்னு சொல்லுதாவளேட்டி. எனக்குப் பேரன் பேத்தி இருக்குல்லா."

"டிபி இல்ல. கையை எடுங்க. மூச்சு முட்டி நீங்க விழுந்துட்டா உங்களுக்கும் சேத்து நான்தான் கட்டில் தேடணும்."

முப்பிடாதி கையை எடுக்கவில்லை. இரண்டடி வெளியே போய் நின்றுகொண்டாள்.

பொன்செல்வி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த கதைதான் இது. அம்மா ஜீன்ஸ் பேன்ட் தைக்கிற கடையில் நூல் வெட்டுகிறாள். தண்ணீர் குடித்தால் கக்கூஸ் போக வேண்டும், கக்கூஸ் என்றால் தெருமுனைக்கு நடந்து வரிசையில் நிற்க வேண்டும், வரிசையில் நின்றால் சேட் கத்துவான். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. வருஷம் முழுக்க எரிச்சல், கடுப்பு. அடக்கிக்கொண்டு வேலை பார்க்கிற பெண்கள் அந்தக் கடையில் எல்லோருக்கும் அதே கதை. அதைப் பற்றி எந்த டாக்டரிடமும் யாரும் பேசுவதில்லை. பேசுவது முப்பிடாதியிடம்தான், ஏனென்றால் டப்பா அவளிடம்தான் இருக்கிறது.

டப்பா என்றால் வெளிநாட்டு பிஸ்கட் வந்த வட்டமான நீல டப்பா. முப்பிடாதி வீட்டு டிவிக்கு மேல் பலகையில் இருக்கும். சந்தில் யாருக்குக் காய்ச்சல் விட்டாலும், யாருக்குப் புண் ஆறினாலும், மிச்ச மாத்திரையை அதில் போட்டுவிட வேண்டும். காசு போட்டு வாங்கியதைத் தூக்கிப் போடக்கூடாது, இன்னொருத்தருக்கு ஆகும். நல்ல மனசுதான். முப்பிடாதி நிறம் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். காய்ச்சலுக்கு வெள்ளை, புண்ணுக்கு சிவப்பும் கறுப்பும், மூத்திரக் கடுப்புக்கு மஞ்சள்.

"ஏம்மா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. சாம்பிள் குடுக்க முன்னால டப்பால இருந்து என்ன தின்ன?"

"ஒண்ணும் திங்கலட்டி."

"பொய் சொல்லாத. உன் கிருமி ஒவ்வொண்ணும் சேமியா மாதிரி நீண்டு கெடக்கு. நீ பொய் சொன்னாலும் அது சொல்லுது."

தங்கத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். கம்பளிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "முந்தின நாள் ரெண்டு. காலைல மஞ்சளு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. பார்லித் தண்ணியும் ஒரு செம்பு குடிச்சேன்."

"எதுக்கும்மா? டெஸ்ட் எடுத்துட்டுத்தான் மருந்துன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாருல்லா?"

"உன் ஆபீசுக்குல்லாட்டி போவுது." தங்கத்தாயின் பல் கிட்டியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மிச்சத்தைச் சொல்ல முடிந்தது. "அங்கன அந்த மாட்டுங்கா அம்மா பாக்கும். உன்கூட வேல செய்யுத புள்ளைய பாக்கும். பொன்செல்வியோட அம்மாது இம்புட்டு அழுக்கா, இம்புட்டு நாத்தமான்னு ஒருத்தி மூஞ்சியச் சுளிச்சா உனக்குத்தான கேவலம்? அதான், போறது போவுது, கொஞ்சம் சுத்தமாப் போவட்டுமேன்னு..."

அம்மா அந்தச் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலைக் கூட வெந்நீர் ஊற்றி மூன்று தடவை அலசியிருப்பாள் என்று பொன்செல்விக்குத் தோன்றியது. மகள் முதல் நாள் வேலைக்குப் போனபோது துப்பட்டாவுக்கு இஸ்திரி போட்டாளே, அதே கவனத்தோடு.

"அங்க அழுக்கைத் தேடுததுதாம்மா எனக்கு வேலையே" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு டாக்டர் அறைக்கு நடந்தாள். கிட்டத்தட்ட ஓடினாள்.

கரீம் பாட்சா மேலப்பாளையத்துக்காரர். முப்பது வருஷமாக செம்பூரில் இருந்தும் பேச்சு மாறாதவர். அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். 'மஞ்சள் கேப்ஸ்யூல்' என்ற இடத்தில் பேனாவை மூடி வைத்தார்.

"அது மூத்திரப்பையை மட்டும் கழுவி விட்டுரும்மா. சிறுநீரகத்துக்குள்ள எட்டாது. அப்ப கீழ சுத்தம், மேல நெருப்பு. உங்க தட்டுல ஒண்ணும் வராததுக்கு அது போதுமே."

"அப்ப டிபி இல்லல்லா டாக்டர்?"

"இல்லன்னும் சொல்ல மாட்டேன். அதுக்கும் டெஸ்ட் போயிருக்கு. அது கெடக்கட்டும். இப்ப நான் கொடுக்கிற ஊசியை நிறுத்திட்டு சாம்பிள் எடுன்னு மட்டும் கேக்காத. நிறுத்தி ஏதாவது ஆச்சுன்னா?"

"நிறுத்தச் சொல்லல டாக்டர். ஊசி பாட்டுக்கு இருக்கட்டும். அடுத்த ஊசிக்கு முன்னால சாம்பிள் எடுங்க. மஞ்சள் மாத்திரை இந்நேரம் வெளிய போயிருக்கும். உள்ள இருக்கிறது உங்க ஊசி மட்டும்தான். அதையும் மீறி கிருமி வளந்துச்சுன்னா, அந்த ஊசி கேக்கலன்னு அதுவே சொல்லிரும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். தலையை ஆட்டினார். "காலைல எடுத்துத் தாரேன். ரத்தமும் எடுக்கேன். ஆனா பிரஷர் இறங்குச்சுன்னா உன் தட்டுக்காகக் காத்திருக்க மாட்டேன், கையில இருக்கிற பெரிய மருந்தை ஏத்திருவேன். அது கடைசி ஆயுதம். அதுக்கும் இந்தக் கிருமிங்க பழகிட்டா அடுத்தாப்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல."

மறுநாள் காலை சாம்பிளை அப்பாவின் எவர்சில்வர் டிபன் டப்பாவில் ஐஸ் போட்டு, நடுவில் நிறுத்தி வைத்து, செம்பூரில் ரயில் ஏறினாள். காலை நேரத்து ஹார்பர் லைன். லேடீஸ் டப்பாவில் மூச்சு விடுவதற்கு முன்பதிவு செய்திருக்க வேண்டும். பொன்செல்வி டிபனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மான்குர்த்திலிருந்து உட்கார்ந்து வந்த ஒரு அம்மாள் அவளைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். சுற்றி நின்றவர்களும் தமிழ்க்காரிகள்தான்.

"கீழ வையேம்மா. எல்லார் மேலயும் இடிக்குது."

"வைக்க முடியாதுங்க."

"அப்படி என்ன இருக்கு, நகையா?"

"மூத்திரம். எங்கம்மாவோடது."

அந்த அம்மாள் கண் விரிந்தது. பக்கத்தில் நின்றவள் காதில் வாங்கி அடுத்தவளுக்குச் சொன்னாள். ஒரு நிமிஷத்தில் பொன்செல்வியைச் சுற்றி வட்டமாக ஒரு முழம் இடம் விழுந்தது. ஹார்பர் லைனில் அந்த நேரத்தில் யாருக்கும் கிடைக்காத சொத்து. அவள் கால் அகற்றி நின்று வடாலா வரை மகாராணி மாதிரி போனாள், அங்கே மாறி கிங்ஸ் சர்க்கிளில் இறங்கினாள், படி இரண்டு இரண்டாகத் தாண்டி லேபுக்குள் நுழைந்தாள்.

"புது சாம்பிள், மேடம். அம்மா மாத்திரை தின்னுருக்காங்க. ஒத்துக்கிட்டாங்க."

"ஏன் தின்னாளாம்?"

பொன்செல்வி சொன்னாள். ஷ்ருதி சிரிக்கப் போனாள், சிரிக்கவில்லை. "எங்க அம்மா ஹாஸ்பிடலுக்கு அட்மிட் ஆகப் போறச்சே பட்டுப்புடவை கட்டிண்டு போனா" என்றாள். பிறகு, "சரி, இன்னிக்கே மருந்து டிஸ்க்கையும் போட்டுடலாம். வழக்கமா முதல்ல வளர்த்து, அப்புறம்தான் மருந்து பார்ப்போம். அதுக்கு நேரமில்லை. நேரா சாம்பிளையே பரப்பிப் போடு. இது அவசரத்துக்குப் பண்றது, எழுத்துல ரிப்போர்ட் தர மாட்டேன், போன்ல டாக்டர்ட்ட நானே சொல்றேன்."

பொன்செல்வி பஞ்சுக் குச்சியால் சாம்பிளைத் தட்டு முழுக்கப் பரப்பினாள். அதன்மேல் ஸ்டிக்கர் பொட்டு அளவில் இருக்கும் காகித வட்டங்களை ஒவ்வொன்றாக வைத்தாள். ஒவ்வொரு பொட்டிலும் ஒரு மருந்து. சிறுநீரகத்துக்கு எட்டாத மஞ்சள் மாத்திரைக்கு மட்டும் பொட்டு வைக்கவில்லை. மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராது, வெறும் வட்டம் விழும். செய்யாவிட்டால் பொட்டு வரை மேய்ந்துவிடும்.

அன்று சாயங்காலம் நர்சிங் ஹோமில் அம்மாவுக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. "நல்ல மருந்துதான ஊசில போடுதாவ. ஏன் கேக்க மாட்டேங்கு?" என்று கேட்டாள்.

"உன் கிருமி வெளிய இருந்து வந்ததில்லம்மா. உன் குடல்லயே குடியிருக்கிறதுதான். எல்லார் வயித்துலயும் இருக்கு, சும்மா இருந்தா ஒண்ணும் பண்ணாது. நம்ம சந்துல முனிசிபாலிட்டிக்காரன் இடிக்க வந்தா யார் வீடு மொதல்ல போவும்?"

"அப்பாவிக வீடுதான்."

"ரவுடி வீடு?"

"அது நிக்கும்லா. அவனத் தொட எவன் வருவான்?"

"அதேதான். நீ ரெண்டு மாத்திரையத் தின்னுட்டு எரிச்சல் நின்னதும் விட்டுருவ. அப்பாவிக் கிருமி செத்துரும், ரவுடி நிப்பான். காலியான இடத்துலயும் அவனே வீடு கட்டுவான். அடுத்த மாசம் இன்னும் ரெண்டு மாத்திரை. கடைசில குடல் முழுக்க ரவுடி. அவன் அங்கருந்து மூத்திரப் பாதைல ஏறிட்டான்."

தங்கத்தாய் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "அப்ப என் வயித்துக்குள்ளயும் தாராவிதானா?" என்றாள்.

அடுத்த நாள் பொன்செல்வி லேப் திறக்கும் முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேன் சாவி கொடுத்தார். செருப்பைக் கூடக் கழற்றாமல் போய் இன்குபேட்டர் கதவைத் திறந்தாள்.

வளர்ந்திருந்தது. தட்டு முழுக்க, விளிம்பு வரை, அடர்ந்த படலமாக. பக்கத்து சிவப்புத் தட்டில் ரோஸ் நிறப் புள்ளிகள் இடைவெளி இல்லாமல் முளைத்திருந்தன. ஊசி ஏறிக்கொண்டிருந்தபோதே வளர்ந்த கிருமி. டாக்டர் கரீம் பாட்சா கொடுத்துக்கொண்டிருந்த மருந்தின் பொட்டைச் சுற்றி வட்டமே இல்லை, கிருமி அதன்மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. அடுத்த பொட்டு, அதுவும் அப்படியே. அதற்கடுத்தது, அப்படியே. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் அள்ளிக் கொடுக்கிற அத்தனை மருந்தும் வரிசையாகத் தோற்றுக் கிடந்தன.

பொன்செல்வி தட்டைத் திருப்பினாள்.

கடைசி ஆயுதத்தைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது. நல்லதுதான். அதற்கு எதிரே, ஓரத்தில், இன்னொரு பொட்டைச் சுற்றியும் ஒரு வட்டம். அகலமான, துடைத்து விட்ட மாதிரி வெறுமையான வட்டம். உள்ளே ஒரே ஒரு கிருமி கூட இல்லை. அளவுகோல் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள். அமிகாசின். பழைய ஊசி மருந்து. அவள் பிறப்பதற்கு முன்பே இருந்தது, எந்தக் கடையிலும் கிடைப்பது. மாத்திரையாக வராததால் நீல டப்பாவுக்குள் ஒருநாளும் போகாதது.

"மாட்டுனடா!" என்று கத்தினாள். கீழே வாட்ச்மேன் ஓடிவந்துவிட்டார். "கியா ஹுவா, சோர்?" என்றார், என்ன ஆச்சு, திருடனா என்று.

"ஹாங் சாச்சா, சோர். பகட் லியா!" என்றாள், திருடனைப் பிடித்துவிட்ட தோரணையில்.

ஷ்ருதி வந்ததும் வராததுமாகத் தட்டை வாங்கிப் பார்த்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே போனை எடுத்தாள். "டாக்டர், ஷ்ருதி பேசறேன். தங்கத்தாய் சாம்பிள். ஈ.கோலை மாதிரிதான் இருக்கு, ஏகப்பட்ட மருந்துக்கு அடங்காத ரகம். அமிகாசினுக்குக் கேட்கறது. ஆமாம், நன்னா கேட்கறது. பெரிய மருந்தைத் தொட வேண்டாம், பத்திரமா இருக்கட்டும். கண்டுபிடிச்சது நான் இல்லை, பொன்செல்வி."

கரீம் பாட்சா சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று சோதித்துவிட்டு மத்தியானத்துக்கு முன்பே முதல் ஊசியைப் போட்டார். அன்று மாலை அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது, ஆனால் நடுக்கம் வரவில்லை. மறுநாள் காய்ச்சலும் பாதியாகக் குறைந்தது. அதற்கடுத்த நாள் தங்கத்தாய் எழுந்து உட்கார்ந்து, நர்சிங் ஹோம் சாம்பாரில் உப்பில்லை என்று நர்ஸிடம் சண்டை பிடித்தாள். பிச்சையா அன்றுதான் வெளியே போய் ஒரு டீ குடித்தார். ரத்தத்திலும் அதே கிருமி இருந்ததாகப் பிறகு தகவல் வந்தது. கரீம் பாட்சா அதைச் சொல்லிவிட்டு, "ரெண்டு நாள் தாமதிச்சிருந்தா..." என்று ஆரம்பித்து, பிச்சையாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டிபி டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை.

ஊசி முழுசும் முடிந்து அம்மா வீடு திரும்பிய அன்று ஆட்டோ சந்துக்குள் வரவில்லை. முனையிலேயே இறங்கி நடந்தார்கள். பொன்செல்வி சண்டைக்குத் தயாராகவே வந்தாள். நீல டப்பாவைப் பற்றி முப்பிடாதியிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள்.

அதற்கு வேலையே இருக்கவில்லை. தங்கத்தாய் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே முப்பிடாதி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"யக்கா, டப்பாவ எடு."

"வந்ததும் வராததுமா என்னட்டி? உக்காரு, டீ போடுதேன். டிபி இல்லன்னு சொன்னாவள்லா?"

"உன் டீ ஒண்ணும் வேண்டாம், மூக்க மூடுனவதான நீ. டப்பாவ எடு."

"அது எத்தன பேரு காய்ச்சல நிப்பாட்டுன டப்பா தெரியுமாட்டி?"

"நிப்பாட்டி நிப்பாட்டி ரவுடியா வளத்து வச்சிருக்கு. இங்க பாரு." தங்கத்தாய் போனை நீட்டினாள். பொன்செல்வி அனுப்பிய தட்டின் படம். "இது எல்லாம் என் வயித்துல இருந்தது. நீ குடுத்தியே வெள்ளை, செவப்பும் கறுப்பும், எல்லாத்தையும் தின்னு ஏப்பம் விட்டுட்டு உக்காந்திருக்கு பாரு. இந்தா, இந்த ஒரு வட்டம் தெரியுதா? இதுதான் என் உசுரு. என் மக தேடிப் புடிச்சா."

பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். குழாயடியிலிருந்து இரண்டு பேர் குடத்தோடு வந்தார்கள். "என்னக்கா இது, தோசைக்கல்லு மாதிரி?" என்றாள் ஒருத்தி.

"என் மூத்திரம்ட்டி! நல்லாப் பாரு!"

பொன்செல்விக்கு எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. "யம்மா, மெதுவாப் பேசு" என்றாள்.

"எதுக்கு மெதுவா? என் மக படிச்ச படிப்பு இது. சந்துல எல்லாரும் பாக்கட்டும்."

போன் கை மாறிக் கை மாறிப் போனது. விரலால் பெரிசாக்கிப் பார்த்தார்கள். முப்பிடாதி கடைசியாக வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஸ்டூலில் ஏறி டப்பாவை இறக்கினாள். கனமாக இருந்தது.

"சாக்கடைல கொட்டிரவா?" என்றாள் முறைத்துக்கொண்டே.

"ஐயோ பெரியம்மா, அங்க கொட்டுனா சாக்கடைல இருக்கிற கிருமியும் பழகிரும். என்கிட்ட குடுங்க. டாக்டர்ட்ட சேத்துருதேன், அவங்க எரிச்சிருவாங்க."

"டப்பாவத் திருப்பிக் குடுத்துரணும், பாத்துக்க. நல்ல டப்பா."

பொன்செல்வி திருப்பிக் கொடுத்தாள். இப்போது அதில் ஊசி, நூல், பட்டன் கிடக்கிறது. சந்தில் எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று பொன்செல்வி நம்பவில்லை. மூலைக் கடைக்காரன் இன்னமும் கேட்டால் அள்ளித்தான் கொடுக்கிறான். ஜீன்ஸ் கடையில் கக்கூஸ் கட்டித் தரச் சொல்லி அவள் சேட்டுடன் போட ஆரம்பித்திருக்கும் சண்டை இன்னும் முடியவில்லை. முடிப்பாள்.

மழை ஆரம்பித்த வாரத்தில் ஒரு காலை, அவள் வேலைக்குக் கிளம்பி செருப்பு மாட்டும்போது முப்பிடாதி வாசலிலிருந்து கூப்பிட்டாள். முகம் வாடியிருந்தது, நெற்றியில் சுக்குப் பத்து. கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில். சந்து முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"ஏட்டி பொன்செல்வி, ரெண்டு நாளா எனக்கும் கடுப்பு. ஒரு மாத்திர திங்கல, பார்லித் தண்ணி கூடக் குடிக்கல. எப்படி இருக்கோ அப்படியே, நல்லா அழுக்காத் தாரேன். புடி!"